சகுராக் காலத்தில் ஒரு பயணத்திட்டம்

டோக்கியோ நகரின் யாசுகுனி கோயில் வளாகத்தில் ஒரு செர்ரி மரம் உள்ளது. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் ஜப்பானிய வானிலைத் துறையின் அலுவலர் அங்கு வந்து, அதன் கிளைகளை அண்ணாந்து நோக்கிப் பூக்களை எண்ணுகிறார். செய்தியாளர்கள் படக்கருவிகளுடன் சூழ்ந்து நிற்கின்றனர். ஐந்து அல்லது ஆறு பூக்கள் விரிந்திருந்தால், டோக்கியோவில் சகுரா பூத்துவிட்டதாக அவர் அறிவிக்கிறார். ஒரு மரத்தின் ஐந்தாறு பூக்களுக்காக ஒரு பெருநகரமே காத்திருப்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் இளவேனிற்காலத்தில் அந்நாட்டுக்குச் செல்ல விரும்புவோர்க்கு அந்த எண்ணிக்கை மிகவும் இன்றியமையாதது.

சகுரா என்பது செர்ரி மரத்துக்கும் அதன் பூவுக்கும் ஜப்பானிய மொழியில் வழங்கும் பெயர். பூத்த மரத்தின் அடியில் விரிப்பை விரித்து, உறவினரும் நண்பரும் ஒன்றாக அமர்ந்து உண்டு மகிழ்வதை 'ஹனாமி' என்பர். 'ஹனா' என்றால் பூ. 'மி' என்றால் காண்டல். ஜப்பானில் பள்ளியாண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்குகிறது. ஆதலால் புதிதாகப் பள்ளியில் சேரும் சிறுவர் பலருக்கு முதல் நாளின் நினைவும் இப்பூவின் நினைவும் பிரியாமல் கலந்திருக்கும்.

முதற்பூ விரிந்த நாளிலிருந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் மரத்தின் எண்பது விழுக்காட்டுப் பூக்கள் விரிந்துவிடும். இதனை 'மன்கை' என்பர். அதன்பின் மேலும் ஒரு வாரத்திற்குள் இதழ்கள் உதிர்ந்து தீரும். இடையில் மழையும் காற்றும் வந்தால் இரண்டே நாளில் எல்லாம் முடிந்துவிடும். பூவின் ஒவ்வொரு நிலைக்கும் அம்மக்கள் தனித்தனிச் சொல் வைத்திருக்கின்றனர். காற்றில் இதழ்கள் பனிப்புயல்போல் பறப்பது 'ஹனாஃபுபுகி'. உதிர்ந்த இதழ்கள் நீர்மேல் கூட்டமாக மிதப்பது 'ஹனாஇகாடா', அதாவது பூத்தெப்பம். தமிழர்க்கு இது புதிதன்று. தோன்றும் நிலை அரும்பு, விரியத் தொடங்கும் நிலை போது, விரிந்த நிலை மலர், கீழே விழுந்த நிலை வீ, வாடிய நிலை செம்மல் எனத் தமிழும் பூவின் பருவங்களைப் பிரித்துப் பெயரிட்டுள்ளது. ஜப்பானுக்குச் செல்லும் பயணி மலரைக் காணவே விரும்புகிறார்; அவர் சென்று சேரும் நாளில் அரும்பையோ வீயையோ காண நேர்வதும் உண்டு.

இதற்குக் காரணம் மரத்தின் இயல்பில் உள்ளது. அடுத்த ஆண்டுக்கான அரும்புகள் முந்தைய கோடையிலேயே உருவாகிவிடுகின்றன. பின்னர் அவை உறங்குகின்றன. குளிர்காலத்தின் கடுங்குளிர் அவ்வுறக்கத்தைக் கலைக்கிறது. அதற்குப்பின் வரும் வெம்மை அவற்றை விரியச் செய்கிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களின் வெப்பநிலை ஆண்டுதோறும் மாறுவதால் பூக்கும் நாளும் மாறுகிறது. 2023ஆம் ஆண்டில் டோக்கியோவில் மார்ச் 14 அன்று சகுரா பூத்தது. மறு ஆண்டு அதே மரம் மார்ச் 29 அன்றுதான் பூத்தது. இடைவெளி பதினைந்து நாள்! கியோட்டோ நகரின் பூக்காலம் பற்றிய குறிப்புகள் ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்தே நாட்குறிப்புகளிலும் பிற ஆவணங்களிலும் கிடைக்கின்றன. அவற்றுடன் ஒப்பிட்டபோது, 2021இல் மார்ச் 26 அன்று நிகழ்ந்த முழுமலர்ச்சி, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளில் அதுவரை கண்டவற்றுள் மிக முந்தியதாக இருந்தது. புவி வெப்பமடைவதன் அடையாளமாக அறிவியலாளர் இதனைக் கருதுகின்றனர்.

இன்னொரு செய்தியும் அறியத்தக்கது. நகரப் பூங்காக்களில் மிகுதியாகக் காணப்படும் வகை 'சொமெய் யோஷினோ'. இம்மரங்கள் விதையிலிருந்து முளைத்தவை அல்ல, ஒட்டுக்கட்டி வளர்க்கப்பட்டவை. ஒரே தாய்மரத்தின் படிகள் என்பதால், ஓர் ஊரில் உள்ள மரங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே வேளையில் பூத்து ஒரே வேளையில் உதிர்கின்றன. காட்சியின் பேரழகுக்கும் காலத்தின் குறுக்கத்துக்கும் காரணம் ஒன்றே.

இத்தகைய பூவை நம்பி எவ்வாறு பயணச்சீட்டு வாங்குவது? போபாலில் வாழும் ஒரு தமிழ்த் தம்பதியரின் திட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கணவர் இரயில்வேயிலும் மனைவி பள்ளியிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். வெளிநாட்டுப் பயணம் அவர்களுக்கு இதுவே முதன்முறை. சேமிப்பைப் பார்த்தால் இன்னொரு முறை வாய்ப்பது அரிது. மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. இவ்விரண்டையும் மனத்தில் கொண்டே அவர்கள் திட்டமிட வேண்டியிருந்தது.

கணவர் முதலில் எழுதிய பட்டியலில் ஒன்பது இடங்கள் இருந்தன: டோக்கியோ, நிக்கோ, ஹகோனே, கனசாவா, தகயாமா, கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா. நாட்கள் பதினைந்து. இரயில் நேரங்களை எல்லாம் நிமிடக் கணக்கில் எழுதி வைத்திருந்தார். அதைப் படித்த மனைவி, "நாம் பூவைப் பார்க்கப் போகிறோமா, நடைமேடைகளைப் பார்க்கப் போகிறோமா?" என்று வினவினார். கேள்வி நகைச்சுவையாக இருந்தாலும் கணக்கு அவர் பக்கமே இருந்தது. ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் பெட்டியைக் கட்ட வேண்டும். அறையைக் காலிசெய்ய வேண்டும். நிலையத்திற்குச் செல்ல வேண்டும். புதிய ஊரில் பிற்பகல் மூன்று மணி அளவில் அறை திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் அரைநாளை விழுங்கும். எட்டு முறை மாறினால் நான்கு நாட்கள் போயின. முதன்முறை செல்வோர் பலர் செய்யும் பிழை இது. பட்டியல் நீள நீளப் பயணம் குறுகுகிறது.

எனவே தங்கும் ஊர்களை அவர்கள் நான்காகக் குறைத்தனர்: டோக்கியோ, கனசாவா, கியோட்டோ, ஹிரோஷிமா. நாராவுக்குக் கியோட்டோவிலிருந்து இரயிலில் முக்கால் மணி நேரமே ஆவதால், அங்குச் சென்று மாலையில் திரும்பிவிடலாம். டோக்கியோவில் இறங்கி ஒசாகாவிலிருந்து விமானம் ஏறுவதென முடிவு செய்தனர். வந்த வழியே திரும்பிச் செல்லும் செலவும் ஒரு நாளும் இதனால் மிஞ்சின. விமானத்திற்கு முந்தைய ஓர் இரவு மட்டும் ஒசாகாவில் தங்க வேண்டும்.

அடுத்தது நாட்களைத் தேர்ந்தெடுத்தல். 1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி டோக்கியோவில் மார்ச் 24, ஹிரோஷிமாவில் மார்ச் 25, கியோட்டோவில் மார்ச் 26, கனசாவாவில் ஏப்ரல் 3 ஆகிய நாட்களில் முதற்பூ விரிகிறது. வடக்கே சப்போரோவில் மே முதல் நாள்தான். தெற்கிலிருந்து வடக்காக முன்னேறும் இந்த எல்லையைச் 'சகுரா முன்னணி' என்று வழங்குவர். இச்சராசரிகளைக் கொண்டு மார்ச் 27 முதல் ஏப்ரல் 10 வரை என அவர்கள் நாள் குறித்தனர். ஆயினும் சராசரி என்பது எந்த ஓர் ஆண்டுக்கும் உரிய வாக்குறுதி அன்று. 2023 போல முந்திப் பூத்தால், அவர்கள் சென்று இறங்கும்போது டோக்கியோவில் இதழ்கள் உதிரத் தொடங்கியிருக்கும். 2024 போலப் பிந்தினால், அங்கு அரும்புகளை மட்டுமே காண்பர்.

இந்த ஐயத்திற்கு அவர்கள் கண்ட தீர்வு கியோட்டோவில் இருந்தது. பயணத்தின் நடுவில் அவ்வூருக்கு ஐந்து இரவுகள் ஒதுக்கி, அவற்றுள் இரண்டு பகல்களுக்கு எந்த வேலையும் குறிக்காமல் வெறுமையாக விட்டனர். அட்டவணையில் வெற்றிடம் இருப்பதைக் கணவரால் எளிதில் ஏற்க இயலவில்லை. "காசு கொடுத்துப் போய்ச் சும்மா இருப்பதா?" என்றார். ஆனால் அந்த வெற்றிடமே திட்டத்தின் காப்பு.

கியோட்டோ வட்டாரத்தில் எல்லா மரங்களும் ஒரே வகையின அல்ல. நகரத்துச் சொமெய் யோஷினோ உதிர்ந்துவிட்டால், நின்னாஜி கோயிலுக்குச் செல்லலாம். அங்குள்ள குட்டையான 'ஒமுரோ' செர்ரி மரங்கள் பிந்திப் பூப்பவை. நாரா மாவட்டத்தில் யோஷினோ மலை உள்ளது. அம்மலையில் ஏறத்தாழ முப்பதாயிரம் மரங்கள், பெரும்பாலானவை மலைச்செர்ரி. அடிவாரம், இடைமலை, மேல்மலை, உள்மலை எனப் பகுதிகளைப் பிரித்து 'ஆயிரம் மரங்கள்' என்னும் பொருளில் 'செம்போன்' என்று பெயரிட்டுள்ளனர். உயரம் கூடக் குளிரும் கூடுவதால், பூ அடிவாரத்தில் தொடங்கிப் படிப்படியாக மலையேறுகிறது. கீழே வீயாகக் கிடக்கும் நாளில் மேலே போது விரியும். ஆகவே இரு வெற்று நாட்களில் எங்குச் செல்வது என்பதை அங்குச் சென்றபின் பூவின் நிலை அறிந்து முடிவு செய்யலாம். மலைப்பாதை ஏற்றமானது என்பதால், பூக்காலத்தில் இடைமலைவரை செல்லும் பேருந்தைப் பற்றி மனைவி முன்னரே குறித்துக்கொண்டார்.

நகருக்குள்ளும் மெல்ல நடந்து காண ஓர் இடம் உண்டு. கால்வாய்க் கரையில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளும் 'தத்துவஞானியின் பாதை' அது. நிஷிதா கிதாரோ என்னும் மெய்யியலாளர் சிந்தித்தவாறே அங்கு நடந்ததால் அப்பெயர் வழங்குகிறது. அங்குள்ள செர்ரி வரிசைக்கு வித்திட்டவர்கள் ஓவியர் ஹஷிமோதோ கன்செட்சுவும் அவர் மனைவி யோனேயும் ஆவர். தம்மை வாழவைத்த ஊருக்கு நன்றியாக 1920களின் தொடக்கத்தில் அத்தம்பதியர் கன்றுகளை வழங்கினர். இன்றும் அம்மரங்கள் 'கன்செட்சு சகுரா' என்றே அழைக்கப்படுகின்றன. தரை பெரும்பாலும் சமமாக இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்க்கும் ஏற்ற நடை.

கனசாவாவைத் தேர்ந்தெடுத்தவர் மனைவி. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சுக்கு உள்ளாகாத நகரம் அது. பழைய சாமுராய்த் தெருக்களும் தேநீர் இல்லங்களும் இன்றும் நிற்கின்றன. அங்குள்ள கென்ரோகுஎன் ஜப்பானின் முப்பெருந் தோட்டங்களுள் ஒன்று. பூ இல்லாவிட்டாலும் காணத்தக்க ஊர் என்பதே அதனைச் சேர்த்ததற்குக் காரணம். இதனால் கணவர் ஒன்றை இழக்க நேர்ந்தது. டோக்கியோவிலிருந்து நேரே கியோட்டோ செல்லும் ஷின்கான்சென் வண்டியில் வலப்புறச் சாளரத்தின் வழியே, வானம் தெளிந்திருந்தால், ஃபியூஜி மலையைக் காணலாம். 1964 அக்டோபர் முதல் நாள் தொடங்கப்பட்ட உலகின் முதல் அதிவேக இரயில் தடம் அது. இரயில்வேயில் வாழ்நாளைக் கழித்தவர்க்கு அதில் செல்வது நெடுநாள் ஆசை. கனசாவா வழியோ வேறு தடம். அவர் இரண்டு நாள் யோசித்தார். பின்னர், அதே தடத்தின் நீட்சியில்தான் கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமா செல்லப் போகிறோம் என்று தம்மைத் தேற்றிக்கொண்டார். ஃபியூஜி மட்டும் இல்லை.

பயணச்சீட்டுக் கணக்கில் அவருடைய அனுபவம் கைகொடுத்தது. அயல்நாட்டுப் பயணிகளுக்கென ஜப்பானிய இரயில் நிறுவனங்கள் ஒரு பொதுச்சீட்டு விற்கின்றன. ஏழு நாளுக்கு உரிய அதன் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாகவும், பதினான்கு நாளுக்கு உரியது 80,000 யென்னாகவும் உயர்த்தப்பட்டது. அவர்களது நெடும்பயணங்கள் நான்கு. அவை பத்து நாட்களில் பரவியிருந்தன. டோக்கியோவிலிருந்து கனசாவாவுக்கு ஏறத்தாழ 14,000, கனசாவாவிலிருந்து கியோட்டோவுக்கு 8,000, அங்கிருந்து ஹிரோஷிமாவுக்கு 11,000, திரும்பி ஒசாகாவுக்கு 11,000 யென் எனத் தனித்தனியே வாங்கினால் ஒருவர்க்கு 44,000 யென் அளவில் முடிந்துவிடும். ஜப்பானுக்குச் செல்வோர் எல்லாரும் அப்பொதுச்சீட்டை வாங்க வேண்டும் என்ற பழைய அறிவுரை இன்று எல்லார்க்கும் பொருந்தாது.

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நிலையப் படிகளில் ஏறுவதற்கும் வழி உண்டு. அந்நாட்டில் 'தக்யூபின்' எனப்படும் பொதி அனுப்பும் சேவை நம்பகமானது. டோக்கியோ விடுதியில் பெரிய பெட்டிகளை ஒப்படைத்துக் கியோட்டோ விடுதிக்கு அனுப்பிவிட்டு, இரண்டு நாளுக்கு வேண்டிய உடையுடன் கனசாவாவுக்குச் செல்வதென ஏற்பாடு. மனைவியின் முழங்காலுக்காக எழுதப்பட்ட இந்த ஒரு வரி, இருவர்க்கும் பயன்பட்டது.

இருவரும் புலால் உண்ணாதவர்கள். ஜப்பானில் காய்கறிக் குழம்பிலும் நூடுல்ஸ் சாற்றிலும் மீனிலிருந்து எடுத்த 'தாஷி' கலந்திருப்பது வழக்கம். இறைச்சி இல்லை என்று மட்டும் கேட்டால் போதாது. மீன்சாறும் கூடாது என்பதை ஜப்பானிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பௌத்த மடங்களின் மரபில் வந்த 'ஷோஜின் ரியோரி' முற்றிலும் தாவர உணவு. கியோட்டோவில் அது கிடைக்கும். பூக்காலத்தில் திடீரெனத் திரும்பும் குளிருக்கு 'ஹனாபியே' என்று பெயர் இருப்பதை அறிந்து, கம்பளிச் சட்டைகளையும் அவர்கள் பட்டியலில் சேர்த்தனர்.

மொழியைப் பற்றிய அச்சம் அவர்களுக்கு இருந்தது. ஆனால் பயணத்திற்காகச் சில தொடர்களைக் கற்கத் தொடங்கியபோது ஓர் இன்பம் காத்திருந்தது. 'கியோட்டோ கரா நாரா மதே' என்றால் 'கியோட்டோவிலிருந்து நாரா வரை'. தமிழில் போலவே உருபு பெயருக்குப் பின்னால் வருகிறது. வினை தொடரின் இறுதியில் நிற்கிறது. இந்த ஒப்புமைகளைக் கண்டு, இரு மொழிகளும் உறவுடையவை என்று ஓனோ சுசுமு என்னும் ஜப்பானிய அறிஞர் வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. எனினும் தமிழ் அறிந்தவர்க்கு ஜப்பானியத் தொடரின் அமைப்பு அயலாகத் தோன்றாது என்பது உண்மை.

நாராவில் இந்தியர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அங்குள்ள தோதாய்ஜி கோயிலின் மாபெரும் வெண்கலப் புத்தருக்கு 752ஆம் ஆண்டு கண்திறப்பு விழா நடந்தது. சிலையின் கண்மணிகளைத் தூரிகையால் தீட்டியவர் போதிசேனர் என்னும் இந்தியத் துறவி. 736இல் கடல் கடந்து அங்குச் சென்ற அவர் தாயகம் திரும்பவேயில்லை. தூரிகையில் கட்டிய நீண்ட கயிறுகளைக் கூடியிருந்தோர் பற்றிக்கொண்டு அப்புண்ணியத்தில் பங்கு பெற்றனர்.

ஹிரோஷிமாவை நீக்கலாமா என்று கணவர் ஒருமுறை கேட்டார். ஏப்ரல் 7 அன்று அங்குப் பூ உதிர்ந்திருக்கும் என்பது அவர் வாதம். மனைவி அதற்கு மட்டும் இசையவில்லை. பல ஆண்டுகள் அவர் வகுப்பறையில் சடாகோ சசாகியின் வரலாற்றைக் கூறிக் குழந்தைகளுக்குக் காகிதக் கொக்கு மடிக்கக் கற்பித்தவர். 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு வீழ்ந்தபோது சடாகோவுக்கு வயது இரண்டு. 1955இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தபோது பன்னிரண்டு. அவளுடைய தோழர்களின் முயற்சியால் 1958இல் எழுந்த சிறுவர் அமைதிச் சின்னத்தைக் காண வேண்டும் என்பதே அவர் விருப்பம். அதே பூங்காவில், குண்டின் வெப்பத்தில் ஒருபுறம் கருகியும் மறுபடி துளிர்த்த 'அயோகிரி' மரங்களும் உள்ளன. சகுரா இல்லாவிட்டாலும் அவற்றைக் காணலாம். அப்பயணத்தில் தேதி மாற்றத்திற்கு இடமில்லாத ஊராக ஹிரோஷிமாவையே குறித்தனர்.

இறுதியில் விடுதிகளைப் பல மாதங்களுக்கு முன்பே, கட்டணமின்றி நீக்கிக்கொள்ளும் வசதியுடன் பதிவு செய்தனர், நுழைவிசைவுக்கு விண்ணப்பித்தனர். அட்டவணைத் தாளில் ஏப்ரல் 4, 5 ஆகிய இரண்டு கட்டங்கள் வெறுமையாகவே இருந்தன. அவற்றின்மேல் கணவர் பென்சிலால் 'பூவைக் கேட்டு' என்று எழுதிவைத்தார்.

சொல்லும் பொருளும்

இளவேனில் – சித்திரை, வைகாசி மாதங்கள், வசந்தம்
விழுக்காடு – நூற்றில் பங்கு
ஒட்டுக்கட்டுதல் – ஒரு செடியின் கிளையை மற்றொரு செடியில் பொருத்தி வளர்த்தல்
போது – விரியத் தொடங்கும் பூ
வீ – உதிர்ந்து கிடக்கும் பூ
புலால் – இறைச்சி, மீன் முதலியன
நுழைவிசைவு – ஒரு நாட்டிற்குள் செல்லப் பெறும் அனுமதி, விசா

பயிற்சி

1. ஓர் ஊரின் சொமெய் யோஷினோ மரங்கள் ஒரே வேளையில் பூப்பது ஏன்?
2. கியோட்டோவில் இரண்டு நாட்களை வெறுமையாக விட்டதன் பயனை யோஷினோ மலையைக் கொண்டு விளக்குக.
3. கணவர் எதனை விட்டுக்கொடுத்தார்? மனைவி எதனை விட்டுக்கொடுக்க மறுத்தார்? இருவருள் யாருடைய முடிவு உமக்கு ஏற்புடையது? காரணம் கூறுக.
4. 'கரா', 'மதே' ஆகிய ஜப்பானியச் சொற்களுக்கு ஈடான தமிழ்ச் சொற்களைப் பாடத்திலிருந்து எடுத்து, அவற்றைக் கொண்டு உம் ஊரைப் பற்றி இரு தொடர்கள் எழுதுக.
5. நீர் வாழும் ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் மரம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க. அரும்பு முதல் செம்மல் வரை அதன் நிலைகளை நாள் குறித்து எழுதி வருக. அம்மரத்தின் பெயரை வீட்டுப் பெரியவரிடம் தமிழில் கேட்டு அறிக.